நாலு மணித் தபால்

நாலு மணித் தபால் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாழ்க்கையை முடிவு செய்ய அது தாராளம் என்று அவன் நினைத்தான்.

மேசைமேல் அவனுடைய ராஜினாமாக் கடிதம் கிடந்தது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மேலாளரின் அறைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதா, கிழித்துக் கூடையில் போடுவதா என்பதுதான் பாக்கி.

ஐந்து மணிக்கு அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபோன் வரும். வேலைக்கு வருகிறானா இல்லையா என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்.

இந்தத் தபால் பிரிவு வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை.

கடிதத்தைப் பிரிக்க வேண்டும். தேதி முத்திரை குத்த வேண்டும். எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, மேலாளருக்குப் போகும் தட்டில் வைக்க வேண்டும். ஆறு வருடமாக இதுதான். போன மாதம் ஒருநாள் காய்ச்சலில் பாதி மயக்கமாக உட்கார்ந்து வேலை பார்த்தான். ஒரு எண்கூடப் பிசகவில்லை. அன்று சாயங்காலம் அதை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

கட்டுப்பாட்டு அறை வேலை இதற்கு நேர்மாறு. தீ, விபத்து, மூச்சுத் திணறல், எல்லாம் காதுக்குள்ளேயே நடக்கும்.

பயிற்சிக்கு என்று அரைநாள் உட்கார வைத்தார்கள். பொய் அழைப்புதான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர், "வீடு எரியுதுங்க, சீக்கிரம் வாங்க!" என்று அலறினார். அவன் நிதானமாகக் காகிதத்தை இழுத்து, மேலே தேதி எழுதி, வரிசை எண் போட்டு, அடிக்கோடும் போட்டான்.

பயிற்சி கொடுத்த அம்மா அவன் தோளைத் தட்டினார். "தீயெல்லாம் தேதி பாத்துட்டு நிக்காது தம்பி. முதல்ல அட்ரஸைக் கேளுங்க."

அப்படியும் அவனை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு ஆள் பஞ்சம்.

காலையில் அக்காவிடம் யோசனை கேட்டது இன்னொரு தவறு. "பால் பொங்கினாலே 'அக்கா'ன்னு கத்துற ஆளு நீ. ஊரு தீப்பிடிச்சா உன்னைத்தான் கூப்பிடணுமாடா?" என்றாள். அவன் ரோஷத்தில் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டான். தெருமுனையில் குடித்தான்.

அவன் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் ஒரு பத்தியில் வேலையை விட்டு, அடுத்த பத்தியில் பனி கொட்டக் கொட்ட ரயிலேறிவிடுகிறார்கள். அவன் மட்டும் பத்தி மாறாமல் உட்கார்ந்திருந்தான்.

கடைநிலை ஊழியர் தபால் கட்டைக் கொண்டுவந்து மேசையில் தொப்பென்று போட்டார். ராஜினாமாக் கடிதத்தின்மேலேயே போட்டார்.

அவன் வேலையைத் தொடங்கினான். கை பிரித்தது, குத்தியது, எழுதியது. வாய் மட்டும், ஃபோனில் சொல்ல வேண்டிய சொல்லை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. "வரேன்." "வரலீங்க." இரண்டுமே அவன் குரலில் பொய்யாகத்தான் கேட்டன.

தட்டு உள்ளே போன பிறகுதான் மேசை காலியாக இருப்பதைப் பார்த்தான்.

பதிவேட்டின் கடைசி வரி அவனுடைய உருண்டைக் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. அனுப்புநர்: அவன். பொருள்: ராஜினாமா.

எண் போட்ட கடிதம் அனுப்பியவருடையது இல்லை, அலுவலகத்துடையது. திருப்பிக் கேட்டு வந்து நின்ற எத்தனையோ பேரிடம் அவனே இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் அந்த வரியை இரண்டு தரம் படித்தான். பிறகு, என்ன ஆச்சரியம், சந்தோஷமாக இருந்தது. மனசுக்கு வராத துணிச்சல் கைக்கு வந்துவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். இழுப்பறையில் இருந்த நாவலை எடுத்துப் பையில் வைத்தான். நடைபாதையில் லேசாகப் பனி பெய்வதுபோலக்கூட இருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தட்டு திரும்பி வந்தது.

மேலாளர் எல்லாக் கடிதத்திலும் ஒரே வரிதான் எழுதுவார். அன்றும் நாற்பத்திரண்டு கடிதங்களிலும் அதே வரி. 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.'

நாற்பத்து மூன்றாவது அவனுடையது. அதில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

'பார்த்தேன். வழக்கம்போல் கோப்பில் வைக்கவும்.'

காது சூடாகிவிட்டது. மேலாளரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. பத்தடி தூரம். எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. உள்ளேயிருந்து மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைச் சரியாகப் போட்டுக்கொள்ளவே எழுந்தவன்போல, மறுபடி உட்கார்ந்தான்.

ஃபோன் அடித்தது.

கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் விளக்கம் கேட்பார்களாம். இங்கே கேட்க ஆளில்லை. பன்னிரண்டு வரை எண்ணினான். நின்றுவிட்டது.

அவன் அலமாரியைத் திறந்து தன் பெயர் போட்ட கோப்பை எடுத்தான். போன வருடத்து ராஜினாமாக் கடிதம் மேலாக இருந்தது. அது ஒரு நாளிதழ் வேலைக்காக. அதற்குக் கீழே, விமான நிலைய வேலைக்காக ஒன்று. அடியில், கப்பல் கம்பெனிக்காக ஒன்று. எல்லாவற்றிலும் அவன் குத்திய முத்திரை, அவன் போட்ட எண். கப்பல் கடிதத்தில் மட்டும் மேலாளர் 'நேரில் வந்து பேசவும்' என்று எழுதியிருந்தார்.

புதிய கடிதத்தில் துளை போட்டு, ஓரம் பிசகாமல் கோத்தான். மூடுவதற்கு முன் நான்கையும் வரிசையாக ஒருமுறை படித்துப் பார்த்தான்.

இந்த வருடம் நடை நன்றாகத் தேறியிருந்தது.