போட்டிக்கு ஒரு மச்சான்

"மொதலாளி, மாலையை எடுத்து உள்ள வைங்க. ஒருத்தரு மனு போட்டுட்டாரு!"

ஆண்டி மூச்சிரைக்க வந்து நின்றபோது, சுப்பராயலுவின் ரைஸ்மில் வாசலில் பட்டாசுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரம் நகரசபைத் தேர்தலில் அந்த வார்டுக்கு அதுவரை அவரைத் தவிர வேறு யாரும் மனு போட்டிருக்கவில்லை. போன தடவையும் அப்படித்தான், போட்டியே இல்லாமல் கவுன்சிலர் ஆனவர். மனு போட இன்னும் கால் மணி நேரம்தான் பாக்கி என்று சந்தனம்கூடக் கரைத்தாகிவிட்டது.

"எவன்டா அவன்?"

"நம்ம ஜவுளிக்கடை ஜமாலுதீன் பாய்."

சுப்பராயலுவுக்குக் காது அடைத்துப்போயிற்று. ஜமாலுதீனா? தினமும் மில்லுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிற ஜமாலுதீனா? மேலவீதியில் கடை கிடைக்காமல் அலைந்தபோது, தன் சொந்தக் கட்டடத்திலேயே இடம் கொடுத்தாரே, அந்த ஜமாலுதீனா?

நேரே கடைக்குப் போனார்.

"என்ன மச்சான் இது?"

"எலெக்ஷன் மச்சான். யாரு வேணா நிக்கலாமே!" என்று விற்பனை லுங்கிகளை மடித்து அடுக்கியபடியே சொன்னார் ஜமாலுதீன்.

"எனக்கு எதுரா நீயா?"

"ஒனக்கு எதுரா நிக்க ஒன் மச்சானுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு?"

அன்றோடு டீ நின்றது. பேச்சும் நின்றது.

கடைவீதி முழுக்க இதே பேச்சுதான். "நன்றி கெட்ட மனுஷன்!" என்றார்கள். ஜமாலுதீன் கடைப்பக்கம் போய்க்கொண்டிருந்த பத்துப் பேரில் ஆறு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஜமாலுதீன் அதையெல்லாம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சாயங்காலமானால் குடை சின்னத்தை எடுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போய்விடுவார்.

சுப்பராயலுவுக்கு யானை சின்னம். 'பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க' என்று அவர் தொப்பையைப் பார்த்துக் காதுபடவே சிரித்தார்கள்.

முதல் சேதியை ஆண்டிதான் கொண்டு வந்தான்.

"மொதலாளி, பாய் தோப்புத் தெருவுல பேசிட்டாரு. அவரு ஜெயிச்சா தெருமுனையில தண்ணிக் கொழா வருமாம். பொம்பளைங்க கை தட்டுறாங்க."

"அவன் என்னய்யா வர வைக்கிறது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகரசபை ஆபீசுக்கு ஓடினார் சுப்பராயலு. விசாரித்ததில், தோப்புத் தெருவுக்கென்று வந்த குழாய்கள் எப்பவோ வந்து, கேட்பாரில்லாமல் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. வாரம் முடிவதற்குள் தெருமுனையில் தண்ணீர் கொட்டியது.

முதல் குடத்தைப் பிடித்த மாரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் கவுன்சிலருங்களா? இத்தினி வருசமா பேரைத்தான் கேட்டிருக்கோம்."

சுப்பராயலு ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

மூச்சு விடுவதற்குள் அடுத்த சேதி. "மொதலாளி, பள்ளிவாசல் சந்துல சாக்கடை எடுத்துக் கட்டுவேன்னு சொல்லிட்டாரு!"

மில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சுப்பராயலுவே சந்துக்குள் இறங்கினார். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போயிற்று. அது முடிவதற்குள் தெருவிளக்கு. விளக்கு எரிவதற்குள் ஆஸ்பத்திரி ரோட்டில் பள்ளம்.

"இந்த பாய் ராத்திரியில தூங்குவானா மாட்டானாய்யா?" என்று புலம்பியபடியே பள்ளத்துக்குக் கப்பி கொட்டச் சொன்னார்.

தொப்பை பாதியாகிவிட்டது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. ஆனால் தெருவில் நடந்தால், முன்பு ஒதுங்கிப் போனவர்கள் நின்று பேசினார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ஜமாலுதீன் மேலிருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஓட்டு எண்ணினார்கள். யானை ஜெயித்தது. சும்மா இல்லை, குடையை மிதித்துத் துவைத்துவிட்டு ஜெயித்தது.

ஊர்வலம் கிளம்பியது. "பாய் கடை வாசல்லயே ஒரு சரம் கொளுத்துவோம் மொதலாளி" என்றான் ஆண்டி. வேண்டாம் என்று சொல்ல சுப்பராயலுவுக்கு மனசு வரவில்லை.

கடை வாசலில் ஜமாலுதீனே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் தோற்ற களையே இல்லை.

"வா மச்சான், டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். ஓட்டைப் பாத்தியா? ஒன் வீட்டு ஓட்டாவது ஒனக்கு விழுந்துதா?"

கேட்ட பிறகுதான், இத்தனை பேர் நடுவில் கேட்டிருக்க வேண்டாமே என்று சுப்பராயலுவுக்கே சுருக்கென்றது.

ஜமாலுதீன் சிரித்தார். "விழல மச்சான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி மலிகாவின் குரல் வந்தது. "எங்க வீட்டு ஓட்டு எல்லாமே யானைக்குத்தாண்ணே. இவுங்களும் ஒங்களுக்குத்தான் போட்டாங்க."

மேளக்காரன் கை தானாக நின்றது. சுப்பராயலு கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கடைக்கு வர்ற ஆளையெல்லாம் தொலைச்சுக்கிட்டு, ஊரு பேச்செல்லாம் வாங்கிக்கிட்டு... அப்ப எதுக்குய்யா எனக்கு எதுரா நின்னே?"

ஜமாலுதீன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்தார்.

"நான் நின்னாத்தான மச்சான், நீ ஓடுவே!"