விசிட்டருக்குப் பாலிசி கிடையாது

தென்னூர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஏஜெண்ட் விக்டரின் மேஜைமேல் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. எதிரே நெஞ்சைத் தடவியபடி ஒரு வெள்ளைக்காரர். டூரிஸ்ட் விசாவில் வந்து ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டவருக்கு இப்போது ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பாலிசி வேண்டும். முன்பு தேயிலைத் தோட்டத்திலும், பிறகு கொழும்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் துரையாக இருந்தவர். விசிட் விசாவில் கொழும்பு போயிருந்தபோது, பிரசவம் நெருங்கிய மனைவி லூர்துராணிக்குப் பாலிசி கேட்டு விக்டர் இவர் முன்னால்தான் கைகட்டி நின்றார். “விசிட்டருக்கு பாலிசி கிடையாது. போ!” என்றார் துரை. நல்ல ஆஸ்பத்திரிக்கு வழியில்லாமல் லூர்துராணி அங்கேயே அடக்கமானாள். துரைக்கு விக்டரின் முகம் மறந்துவிட்டது. தோட்டக் கூலிகளிடம் பழகிய தமிழ் மறக்கவில்லை. “ஏதாச்சும் வழி பாரு. நீ நல்ல ஆளு.” விக்டர் ஃபேனை அவர் பக்கம் திருப்புகிறார், கலர் சோடா வரவழைக்கிறார். மரியாதை குறைந்தால் ருசி கெட்டுவிடுமே! “விசிட்டருக்கு பாலிசி கிடையாதுங்க,” என்கிறார், குரலில் தேன் தடவி. துரை மூச்சிரைக்க எழுகிறார். வாசலில் திரும்பிக் கும்பிட்டு, ஸ்ரீரங்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்: “போயிட்டு வரேன்.”

பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கு வந்த “வாங்க”வை விக்டர் பல்லால் கடித்து நிறுத்துகிறார். எழுந்து நின்று, கைகூப்பி, “போங்க,” என்கிறார்.