கடைசியாக ஒன்று

ஆராதனை முடிந்து, வாசலில் நின்று போதகர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கைகொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். வெயில் அவருடைய மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. வரிசையில் அடுத்து நிற்கும் எலக்ட்ரீசியன் கையை நீட்டுவதற்குள் அவருடைய சின்ன மகள் முந்திக்கொண்டு போதகர் எதிரில் போய் நிற்கிறாள். தொண்டையைச் செருமுகிறாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத டையில் துடைத்து, “கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன்” என்கிறாள். அச்சு அசல் போதகரேதான். பின்னால் நிற்பவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போதகரும் வாய்விட்டுச் சிரிக்கிறார். “அடேயப்பா! யாரு தங்கம் சொல்லிக்குடுத்தது?”

“அப்பாதான். சாப்பிடும்போது செஞ்சு காட்டுவாங்க. அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடும்.”

எலக்ட்ரீசியனின் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். கணவருக்குக் காது மடல் சுடுகிறது. சிரித்ததில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போதகர் கண்ணாடியைக் கழற்றுகிறார். பழக்கத்தில் டை வரைக்கும் போன கண்ணாடி அங்கேயே நின்றுவிடுகிறது. துடைக்காமலே எடுத்து மாட்டிக்கொள்கிறார். வில்லையில் விரல் ரேகை அப்படியே படிந்திருக்கிறது. பிறகு, வாசலில் எல்லாரிடமும் சொல்வதையே இவரிடமும் சொல்கிறார்: “வீட்டு ஜெபத்துல என்னையும் நினைச்சுக்குங்கண்ணே.”

எலக்ட்ரீசியன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். “தினமும் நினைக்கிறோம் ஐயா.”

மகள் அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

“எப்பப்பா?”