துரை வழியாகப் போன கணக்கு

காலை ஏழே கால். காஜா பெராங் பகுதியிலுள்ள வீட்டின் ஜன்னல் வெயில், லண்டனிலிருந்து நேற்று வந்த பொறியியல் இதழின் மேல் விழுகிறது. மின் நிலையத்தில் எஞ்சின் பார்க்கும் கலியாணசுந்தரம் வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறான். அணு உலையில் சூடேறும் வாயுவைக் கொண்டு நீராவி எடுக்காமல், அதையே நேராக டர்பைனுக்குள் விட்டால் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். இது அவன் இரண்டு வருடம் போட்ட கணக்கு. எதையும் மேலதிகாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா முடிந்து லண்டனுக்கே திரும்பிய வெள்ளைக்கார மேலதிகாரி துரையிடம் கொடுத்தனுப்பினான். இதழில் அது கட்டுரையாக வந்திருக்கிறது; தலைப்பின் கீழே துரையின் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கலியாணசுந்தரம் தப்பாகப் போட்ட ஒரு பெருக்கலும் அப்படியே இருக்கிறது. மனைவி விஜயா கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து குனிகிறாள்.

"பக்கத்து வீட்டு நாகம்மைகிட்ட உங்க கணக்கு புத்தகத்துல வந்திருக்குன்னு நேத்தே சொல்லிட்டேன், பார்க்க வர்றா. உங்க பேரு எங்கங்க போட்டிருக்கு?"