விஷமம்

ஆர்யா மலையாள மண்ணிலேயே வளர்ந்த ஆரியசாலைத் தமிழ்ப்பெண். கழக்கூட்டத்தில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் ஆதர்ஷ், கொல்லத்து மலையாளி. அவள் மனதில் இடம் பிடிக்கத் தமிழில்தான் எழுதவேண்டும் என்று முடிவுகட்டினான்.

முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "நீ லீவ். எனக்கு விஷமம்."

உடனே திருத்தம் வந்தது. "வருத்தம் என்று எழுதவும். தமிழில் விஷமம் என்றால் குறும்பு."

அடுத்த மாதம் எழுத்து நீண்டது. "நான் வந்தேன். பின்னே நீ வந்தாய். பின்னே மழை வந்தது."

"எத்தனை 'பின்னே'? வாக்கியங்களைச் சேர்த்து எழுதிப் பழகவும்."

பழகினான். நேற்று துணிந்தே விட்டான்: "நீ சிரித்தபோது தொடங்கிய மழை, நீ போன பிறகும் எனக்குள் நிற்கவில்லை. என்னைக் கல்யாணம் செய்துக் கொள்வாயா?"

பதில் இல்லை. இன்று கேன்டீனில் அவளைப் பிடித்தான்.

"ஆர்யா, நேத்து அனுப்பினதை வாசிச்சியா?"

"எனக்கு எங்க தமிழ் வாசிக்கத் தெரியும்? ஸ்கூல்ல மலையாளம்தானே படிச்சேன்! பேச மட்டும்தான் தெரியும்."

"அப்போ திருத்தினது?"

"அப்பா! உன் மெசேஜை அவருக்கு அனுப்புவேன், அவர் எழுதுறதை உனக்கு அனுப்புவேன். நீ தமிழ் படிக்கிறதுல அவருக்கு பயங்கர சந்தோஷம், கேட்டோ. இந்தா, இப்பத்தான் பதில் வந்திருக்கு. நீயே வாசி."

ஆதர்ஷ் போனை வாங்கினான்.

"'செய்துக்' என்பதில் 'க்' வேண்டாம். மற்றபடி பிழையில்லை. உங்கள் விஷமம் புரிந்தது. எனக்குச் சம்மதம். இனி அவளிடம் மலையாளத்தில் கேட்கவும்."