ராஜாவுக்கு மட்டும் ஒரு வரி

“எதை வேணும்னாலும் மாத்திக்கோ. அதை மட்டும் தொட்டுடாதே,” என்றார் மாமியார்.

மருமகள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

திரையில் இருந்தது, முப்பது வருடங்களுக்கு முன் மாமியார் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய செஸ் விளையாட்டின் நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பிற்பாடு இணையத்தில் பொதுவில் விட்டுவிட்டார். திரும்பிய பக்கமெல்லாம் அடைப்புக்குறிகள். ஒரு காயை நகர்த்தக் கணினி முக்கால் நிமிடம் யோசிக்கும்.

அதைப் புதுப்பிக்கும் வேலையை மருமகள் எடுத்துக்கொண்டிருந்தாள். போட்ட கணக்கையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்த இடங்களைச் சீராக்கியதும், முக்கால் நிமிடம் அரை நொடியானது.

மாமியார் தொடாதே என்ற வரி இதுதான்: ஆடுபவர் பெயர் ‘ராஜா’ என்றால், இருபதாவது நகர்த்தலுக்குப் பிறகு கணினி வேண்டுமென்றே தப்பாக ஆட வேண்டும்.

ராஜா என்பது மாமனாருக்கு மாமியார் வைத்த செல்லப்பெயர். வேலை போய், மாமனார் யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்த வருடம் ரகசியமாகச் சேர்த்த வரி அது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஓர் ஆட்டம், ஒரு வெற்றி.

புதுக் கணினி வாங்கியபோது மகன் அதில் அப்பாவின் முழுப்பெயரைப் போட்டு வைத்தான். மாமனார் அதை அழித்து, ‘ராஜா’ என்று அடித்த பிறகுதான் ஆடவே உட்கார்ந்தார்.

“தெரிஞ்சா மனுஷன் நொந்து போயிடுவார்ம்மா,” என்றார் மாமியார். மருமகள் வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் அவளுடைய திருத்தங்களை இணையத்தில் சரிபார்த்த தன்னார்வலர் ஒருவர், யார் இந்த ராஜா என்று புரியாமல் அந்த வரியைத் தூக்கிவிட்டார். நூறு மாற்றங்களுக்கு நடுவே அவளும் கவனிக்காமல் சரி என்று அழுத்திவிட்டாள். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் மாமனார் அறைக்கு ஓடினாள். புதிய பதிப்பு தானாகவே ஏறியிருந்தது. மாமனார் நெற்றியைத் துடைத்தபடி திரையை முறைத்துக்கொண்டிருந்தார். ‘நீங்கள் தோற்றுவிட்டீர்கள்’ என்றது கணினி.

அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

மாமனார் விளையாட்டை மூடினார். காலரைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்கு நடந்தார். இன்றைக்கும் தான்தான் ஜெயித்ததாகவும், கணினிக்கு வயதாகிவிட்டதாகவும் மாமியாரிடம் ஐந்து நிமிடம் அளந்துவிட்டார். மாமியார் முகமெல்லாம் சிரிப்பாகக் காபி கலக்க உள்ளே போனார்.

மாமனார், பின்னாலேயே வந்து நின்ற மருமகள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்த வரியைத் திரும்பப் போட்டுடும்மா. பாவம், உங்க அத்தை ஆசையா எழுதினது.”