எல்லாருக்கும் எடுக்கிறதுதான்

"கையில கல்லு விழுந்ததுக்கு இந்த டெஸ்ட் எதுக்கு சிஸ்டர்?" என்று குவாரித் தொழிலாளி கேட்டபோது, "தலைவலின்னு வந்தாலும் இப்ப எச்.ஐ.வி. பார்த்துடறோம். எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று சிரித்துக்கொண்டே விரலில் குத்தியிருந்தாள் நர்ஸ்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மறுபடி பார்த்தும் இருக்கிறது என்றே வந்தது.

"மாத்திரையை விடாம சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாம். வீட்டுக்காரம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன்."

"ஐயோ, அவகிட்ட சொல்லிடாதீங்க! வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ. ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல. என்னால அவளுக்கு இது வந்துடக் கூடாது. இன்னிக்கே ஏதாவது லாரியில ஏறிடறேன். எங்கயோ தொலைஞ்சான்னு நெனைச்சுக்கட்டும்."

"அவசரப்படாதீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க."

கொடுத்துத்தான் இருந்தாள். ஒருத்தர் ரகசியம் இன்னொருத்தர் காதுக்குப் போகாது என்று, வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுக்கிற பாழாய்ப்போன வாக்கு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு அவன் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில், இரண்டு வருஷமாக வந்துபோகிற பின்வாசல் வழியாக, அதே மாத்திரையை வாங்க அவன் மனைவி வந்தாள்.

"வழக்கம்போல பேர் எழுதாத கவர்ல போட்டுக் குடுங்க சிஸ்டர். அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவாரு."